முகம் இல்லாமல் சுவர் வேண்டாம்

பன்னிரண்டு மரக்கட்டைகள், பதினான்கு மாதங்கள். மருத்துவமனை முன்கூடத்துச் சுவருக்காக அவள் செதுக்கியவை. அவளுக்கு வயது நாற்பத்தொன்று.

பகலில் அட்டைப்பெட்டி அச்சகத்தில் வேலை. இயந்திர இரைச்சலுக்கு மற்றவர்கள் காதில் பஞ்சு வைத்துக்கொள்வார்கள். இவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. "எனக்குப் பஞ்சு மிச்சம்" என்று சைகையில் தானே கிண்டலடிப்பாள். மாலையில் சமையலறை மேடைதான் பட்டறை. எதிரே கண்ணாடியை நிறுத்தி, ஒரு சொல்லைச் சைகையில் சொல்லிப் பார்ப்பாள். தெரிகிற கையையும் முகத்தையும் அப்படியே கட்டையில் வெட்டுவாள். கண்ணாடி இடவலம் மாற்றியதை அச்சு நேராக்கிவிடும். மை உருட்டி, காகிதம் விரித்து, கரண்டியின் முதுகால் தேய்த்து எடுப்பாள்.

வலி, பயம், மூச்சு முட்டுகிறது, தண்ணீர் வேண்டும் என்று பன்னிரண்டு சொற்கள். உப்பிய கன்னம், இறுகிய பல், பிதுங்கிய கண். அழகாக இல்லைதான். வலி எப்போது அழகாக இருந்தது?

படங்களைப் பார்த்த நிர்வாக அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டார். "கையெல்லாம் பிரமாதம். முகம்தான்... வர்றவங்க பயந்துடுவாங்க. முகத்தை வெட்டிட்டு, கையை மட்டும் நீலத்துல போட்டுத் தாங்களேன்."

கூட வந்த தங்கை அதைச் சைகையில் சொன்னாள். அக்காவின் கைகள் பதிலுக்குச் சீறின. தங்கை அதிகாரியிடம் திரும்பி, "யோசிச்சுச் சொல்றாங்களாம் சார்" என்றாள்.

அக்கா மேசையைத் தட்டினாள். காது கேட்காவிட்டால் என்ன, தங்கையின் முகம் தெரிகிறதே.

'நான் பல்லைக் கடிச்சேன். நீ ஏன்டி பல்லைக் காட்டுற?'

'பதினாலு மாச உழைப்புக்கா. கொஞ்சம் வளைஞ்சு போயேன்.'

'நீ வேணா வளை. என் பேச்சை வளைக்காதே. சொன்னதை அப்படியே சொல்லு.'

தங்கை மூச்சை இழுத்துவிட்டுச் சொன்னாள்: "முகத்தை வெட்டுறதும் உங்க நாக்கை வெட்டுறதும் ஒண்ணுதான்னு சொல்றாங்க சார்."

அதிகாரி நாற்காலியில் நிமிர்வதற்குள் அக்கா மேசையிலிருந்த கோப்பு ஒன்றை எடுத்துத் தங்கையிடம் கொடுத்தாள். தங்கை அதை அக்காவின் முகத்துக்கு முன் பிடித்தாள். அக்காவின் இரண்டு சுட்டுவிரல்களும் ஒன்றையொன்று நோக்கி நகர்ந்தன. வலி.

"எவ்வளவு வலின்னு கேக்குறாங்க சார்."

"கொஞ்சம்... லேசா?"

கோப்பு இறங்கியது. பின்னால் இருந்த முகத்தைப் பார்த்ததும் அதிகாரி கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

"ரெண்டு வருஷம் முன்னாடி இதே ஆஸ்பத்திரியில இதைத்தான் காட்டினாங்க" என்றாள் தங்கை. இந்த முறை குரலில் குழைவு இல்லை. "டாக்டர் கையை மட்டும் பார்த்தார். லேசான வலின்னு எழுதி நாலு மணி நேரம் பெஞ்சுல உக்கார வச்சாங்க. குடல்வால் வெடிச்சிருந்துது."

ஆனாலும் அதிகாரி இறங்கி வரவில்லை. "வருத்தமாத்தான் இருக்கு. ஆனா குழு முடிவு பண்ணியாச்சு. முகம் இருந்தா அந்தச் சுவர் கிடையாது."

தங்கை சொல்லி முடிக்கும் முன்பே அக்கா படங்களை அடுக்கத் தொடங்கியிருந்தாள்.

ஓரத்தில் இருந்த அவசரப் பிரிவுத் தலைமை நர்ஸ் எழுந்தார். "எங்க பிரிவுச் சுவர் என் பொறுப்பு. அங்க குழு கிடையாது. எனக்குக் குடுங்கம்மா."

"மேலிடத்துல கேப்பாங்க" என்றார் அதிகாரி.

"மேலிடத்துக்கு வலிச்சாலும் எங்கிட்டதான் சார் வரணும்."

அக்கா ஒரு நிபந்தனை போட்டாள்: டாக்டர் நாற்காலிக்கு நேர் எதிரே மாட்ட வேண்டும். தங்கை ஒரு சொல் குறைக்காமல் சொன்னாள். நர்ஸ் தலையாட்டினார்.

திங்கட்கிழமை காலை அவசரப் பிரிவில் பன்னிரண்டு படங்களும் மாட்டப்படுகின்றன. முன்கூடத்தில் நீலக் கைகள் வரைய வேறொருவரை அமர்த்தியிருக்கிறார்கள்.