ஆல்ட் விசைக்கு நான் பொறுப்பு

இப்போதெல்லாம் கைப்பேசியில் ஓர் ஆங்கில எழுத்தைச் சற்று அழுத்திப் பிடித்தால், தலையில் கோடு போட்டது, குல்லா வைத்தது, புள்ளி வைத்தது என்று அதன் சொந்தபந்தமெல்லாம் வரிசையாக வந்து நிற்கின்றன. வேண்டியதைத் தொட்டுக்கொள்ளலாம். நான் தொழிலில் இருந்த காலத்தில் இந்த வசதி கிடையாது. என் தொழில், கணினியில் ஆல்ட் விசையைப் பிடித்துக்கொள்வது. அப்போது எனக்கு எட்டு வயது.

அம்மாவின் தங்கையான சின்னம்மாவுக்குக் கல்யாணமான கையோடு அவள் கணவர், அதாவது என் சின்னத்தா, பிரான்சில் ஓர் ஓட்டல் வேலைக்குப் போய்விட்டார். அவரிடம் கணினி இல்லை. சின்னம்மாவின் மின்னஞ்சல் ஓட்டல் முதலாளியம்மாவுக்குப் போகும். அந்தம்மா அச்செடுத்துக் கொடுத்தால்தான் அவர் கைக்குச் சேரும். ஆகவே உச்சியில் அந்தம்மாவுக்குப் பிரெஞ்சில் இரண்டு வரி, வணக்கமும் வேண்டுகோளும். அதற்குக் கீழே சின்னத்தாவுக்கு ஆங்கில எழுத்தில் தமிழ்.

பேகம்பூர் பிரவுசிங் சென்டருக்குச் சின்னம்மா தனியாகப் போகக் கூடாதென்று வீட்டில் சட்டம். பாதுகாப்புக்கு என்னை அனுப்பினார்கள். வழியில் நாய் வந்தால் நான் அவள் முதுகுக்குப் பின்னால் இருப்பேன்.

அந்த விசைப்பலகையில் பிரெஞ்சுக் கோடுகளுக்குத் தனி விசை இல்லை. ஆல்ட்டை அழுத்தியபடி வலது ஓர எண்களில் பூஜ்யம், இரண்டு, மூன்று, மூன்று தட்டி, பிறகு ஆல்ட்டை விட வேண்டும். விட்டால்தான் எழுத்து வரும். சின்னம்மாவின் ஒரு கை அகராதியில் வரியைப் பிடித்திருக்கும், மறு கை எண்களைத் தட்டும். ஆல்ட் எனக்கு.

“புடிடீ.” தட்டுவாள். “விடு.”

விடமாட்டேன். கிடைத்த பதவியை யார் சுலபத்தில் விடுகிறார்கள்.

சென்டர்காரருக்கு எங்களைக் கண்டாலே கொட்டாவி. “ஏம்மா, அந்தக் கோடு இல்லாட்டி அவுகளுக்குப் புரியாதாக்கும்? அதுக்கா இம்புட்டு நேரம்?”

“புரியும்ண்ணே. அந்தம்மா மனசு வச்சுக் குடுக்கணும்ல. அரைகுறையா அடிச்சா அப்பறம் பாப்போம்னு ஓரமா வச்சுருவாக.”

எனக்கு ஒரே குறை, தமிழ்ப் பகுதி வந்ததும் என் வேலை போய்விடும். சின்னம்மா தனக்குள் சிரித்தபடி தட்டிக்கொண்டே போவாள். சில இடங்களில் என் கண்ணைப் பொத்திக்கொண்டு ஒற்றைக் கையால் தட்டுவாள். பிரெஞ்சு மறுபடி வராதா என்று நான் ஏங்கிக் கிடப்பேன்.

வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு வரும் சின்னத்தாவின் போன், மழைக்காலத்தோடு நின்றுபோனது. நாங்கள் சென்டருக்குப் போவது நிற்கவில்லை. எனக்கும் நல்ல காலம் பிறந்தது. பிரெஞ்சு இரண்டு வரியிலிருந்து பத்து வரியானது. குல்லா எழுத்து, வால் எழுத்து எல்லாம் வந்தன. கீழே தமிழ் சுருங்கிக்கொண்டே வந்தது. சென்டர்காரர் எங்களைப் பார்த்துக் கொட்டாவி விடுவதை நிறுத்திவிட்டார்.

“செத்த நேரம் இருந்து பாரும்மா. அந்தம்மா பதில் போட்டாலும் போடுவாக,” என்பார்.

பார்ப்போம். ஒன்றும் வராது.

ஒரு நாள் கடிதம் முழுவதும் பிரெஞ்சு. பல வரிகளின் கடைசியில் கேள்விக்குறி. சின்னத்தாவுக்கு ஒரு வரிகூட இல்லை. அன்று சின்னம்மா “விடு” என்று சொல்லவில்லை, நானே பார்த்துப் பார்த்து விட்டேன்.

வீட்டு வாசலிலேயே அறிவித்தேன். “இன்னைக்குப் பூராவும் என் வேலைதாம்மா. தமிழே கிடையாது.”

அம்மா என்னைப் பார்க்கவில்லை. சின்னம்மாவைப் பார்த்தாள். சின்னம்மா செருப்பைக் கழற்றாமல் நின்றிருந்தாள். ஒருவரும் மெச்சவில்லை. உழைப்புக்கு மரியாதை தெரியாத குடும்பம் என்று கோபித்துக்கொண்டு, வலித்த விரலை நானே ஊதிக்கொண்டேன்.