முதுகு பார்க்கும் நேரம்

பூங்காவில் வேலை பார்க்கும் பதினோரு பேருக்கும் அவள் அண்ணிதான். முறைப்படி அப்படிக் கூப்பிட உரிமையுள்ள ஆள் ஒருத்திதான், அவள் வீட்டுக்காரரின் தங்கை சிட்டு. ஆறு வருடத்துக்கு முன்னால் சிட்டுவைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்து வேலையில் சேர்த்துவிட்டதே அண்ணிதான். சிட்டு நாள் முழுக்க வாய்க்கு வாய் "அண்ணி" என்று கூப்பிடப்போய், மற்றவர்களுக்கும் அது ஒட்டிக்கொண்டது. அவளைவிடப் பத்து வயது மூத்த மேற்பார்வையாளர்கூட அண்ணி என்றுதான் கூப்பிடுகிறார். முதலில் முறைத்துப் பார்த்தாள், பிறகு போனால் போகிறது என்று விட்டுவிட்டாள்.

ஊரின் ஓரத்தில் இருக்கிற பெரிய பூங்கா அது. பாதி புல்வெளி, பாதி காடு மாதிரி மரங்கள், நடுவே வளைந்து போகும் மண்பாதை. குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள் அடைந்து கிடந்த ஜனம், வசந்தம் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே பிள்ளைகுட்டி, நாய், பந்து சகிதம் வந்து இறங்கிவிடும். அதே வாரத்தில் இன்னொரு கூட்டமும் கிளம்பும். உண்ணி. எள்ளைவிடச் சின்னது. அதற்குக் குதிக்கவும் தெரியாது, பறக்கவும் தெரியாது. புல் நுனியில் முன்னங்காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். உரசிக்கொண்டு போகிற கால் யாருடையதாக இருந்தாலும் ஏறிக்கொள்ளும். எல்லா உண்ணியும் நோய் தராது, ஆனால் எது தரும் என்று நெற்றியிலா எழுதி ஒட்டியிருக்கிறது?

பாதையின் இரண்டு பக்கமும் ஓர் ஆள் அகலத்துக்குப் புல்லை வெட்டித் தள்ளுவது அண்ணியின் வேலை. வாயும் சேர்ந்து வேலை செய்யும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்தால் வரிசையாக நிற்க வைத்து, தன் பேண்டைத் தானே காலுறைக்குள் சொருகிக் காட்டுவாள். பார்க்கக் கோமாளித்தனமாகத்தான் இருக்கும், பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரித்துக்கொண்டே சொருகிக்கொள்வார்கள். வெளிர்நிறச் சட்டை போட்டு வந்த டீச்சரைப் பாராட்டுவாள், கறுப்புப் புள்ளி ஏறினால் பளிச்சென்று தெரியுமல்லவா. புதருக்குப் பக்கத்தில் சருகு மேல் போர்வை விரித்துப் படுத்திருந்த ஒரு ஜோடியைக் கிளப்பிக்கொண்டுபோய் வெட்டின புல்லில் உட்கார வைத்தாள். காதலை இங்கே வைத்துக்கொண்டால் இனிக்காதா என்று கேட்டதில் அந்தப் பையனுக்கு முகம் சிவந்துவிட்டது.

இப்படிப் பயமுறுத்தினால் யார் வருவார்கள் என்று மேற்பார்வையாளர் ஒருநாள் அலுத்துக்கொண்டார். "வராதீங்கன்னா சொல்றேன்?" என்றாள் அண்ணி. "வரட்டும், ஓடட்டும், உருளட்டும். வீட்டுக்குப் போனதும் குளிச்சுட்டு, ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கட்டும். அவ்வளவுதானே?"

அந்த ஒருத்தரை ஒருத்தர் பார்ப்பது அவர்கள் கொட்டகையிலும் சட்டம். நாலு மணிக்கு மண்வெட்டிகளைக் கழுவி மாட்டியதும் இரண்டிரண்டு பேராகப் பிரிந்துகொள்வார்கள், பெண்கள் தடுப்புக்கு அந்தப் பக்கம். முழங்கால் மடிப்பு, அக்குள், காதுமடலுக்குப் பின்னால் எல்லாம் அவரவரே தடவிப் பார்த்துக்கொள்ளலாம். முதுகுக்கு இன்னோர் ஆள் வேண்டும். அண்ணிக்கு சிட்டு, சிட்டுவுக்கு அண்ணி. ஆறு வருடத்தில் சிட்டுவின் முதுகு அண்ணிக்கு மனப்பாடம். இடது பக்கம் ஒரு மச்சம், இடுப்புக்கு மேலே சின்ன வயதில் சுடுதண்ணீர் கொட்டிய தழும்பு. டார்ச்சை அடித்துவிட்டு விரலால் தடவிக்கொண்டே வருவாள், பார்வைக்கு மச்சம் மாதிரி இருப்பது உண்ணியானால் கையில் தட்டுப்படும். தடவுகிற நேரத்தில் பேச்சும் ஓடும். குடும்பத்துச் சண்டைகளில் பாதி அங்கேதான் தீர்ந்திருக்கிறது, இன்னும் பாதி அங்கேதான் ஆரம்பித்தது.

இந்தத் தடவை சண்டை ஆரம்பித்தது கொட்டகை வாசலில். ஏரிப் பக்கத்துப் பூங்காவுக்கு சிட்டு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறாளாமே என்று மேற்பார்வையாளர் போகிற போக்கில் சொன்னார். தெரியும் தெரியும் என்று அண்ணி தலையாட்டினாள். தெரியாது. நேரே போய், தள்ளுவண்டி நிறையச் சருகோடு நின்ற சிட்டுவைப் பிடித்தாள். சொன்னால் விடமாட்டீர்கள், அதனால்தான் சொல்லவில்லை என்றாள் சிட்டு. அங்கே பெரிய புல்வெட்டு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார்களாம். பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் சொல்லிவிட்டாள். "இங்க நான் எப்பவும் உங்க வாலுதானே அண்ணி."

"அப்ப அறுத்துக்கிட்டுப் போயேன்," என்றாள் அண்ணி.

சொன்ன மாத்திரத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் சொன்னதைத் திருப்பி எடுக்கிற வழக்கம் அவளுக்குப் பிறவியிலேயே கிடையாது. அன்றோடு பேச்சு நின்றது. நடுவில் மாட்டிக்கொண்ட வீட்டுக்காரர், தங்கை பேரை எடுத்தால் மனைவிக்கும், மனைவி பேரை எடுத்தால் தங்கைக்கும் மூக்குமேல் கோபம் வருவதைப் பார்த்து, வானிலை மட்டும் பேசிக்கொண்டிருந்தார்.

கொட்டகைச் சட்டத்தை மட்டும் இருவரும் மீறவில்லை. நாலு மணிக்கு சிட்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று சட்டையைத் தூக்குவாள். அண்ணி கைநீட்டுகிற தூரத்தில் நின்று டார்ச்சை அடித்து, "இல்ல" என்பாள். பிறகு அண்ணி திரும்புவாள், சிட்டு "இல்ல" என்பாள். அந்த ஒரு சொல்தான் ஒருநாளைக்கு அவர்களுக்குள் பேச்சு. நாலாவது நாள் டார்ச் வெளிச்சத்தில் ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தது. மச்சம் என்று நினைத்துக்கொண்டாள் அண்ணி. இல்ல என்று சொல்லிவிட்டு டார்ச்சை அணைத்தாள்.

இரண்டு வாரம் கழித்து ஒருநாள் சிட்டு வேலைக்கு வரவில்லை. காய்ச்சலாம், உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி வலியாம் என்று வீட்டுக்காரர் வந்து சொன்னார். பருவம் மாறுகிறது, யாருக்குத்தான் காய்ச்சல் இல்லை என்று அண்ணி புல்லை வெட்டப் போய்விட்டாள். மறுநாளும் வரவில்லை. மத்தியானம் வரை பொறுத்துப் பார்த்தவள், ரோஷத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, அரைநாள் விடுப்புச் சொல்லி, சூடாகச் சூப்பு வைத்து எடுத்துக்கொண்டு சிட்டுவின் மாடி அறைக்குப் படி ஏறினாள்.

திரைச்சீலையை இழுத்துவிட்டு சிட்டு குப்புறப் படுத்திருந்தாள். பிடரியில் கை வைத்தால் கொதித்தது. முதலில் வியர்த்து ஊறிப்போன சட்டையை மாற்றலாம் என்று பின்பக்கம் தூக்கினாள் அண்ணி. வலது பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பாக ஒரு வளையம். நடுவில் வெளுத்து, ஓரம் மட்டும் சிவந்து.

மச்சம் இடது பக்கத்தில் அல்லவா இருக்கிறது. அன்றைக்குப் பார்த்த புள்ளி வலது பக்கத்தில் இருந்தது.

சூப்பு அப்படியே ஆறிப்போனது. கால்மணி நேரத்தில் இருவரும் வாடகைக் கார் பிடித்து டாக்டர் வீட்டு வாசலில் இருந்தார்கள். வளையத்தைப் பார்த்ததுமே டாக்டரம்மா உண்ணிக்கடி என்று சொல்லிவிட்டார். ரத்தப் பரிசோதனையில் இப்போதைக்குத் தெரியாமலும் போகலாம், இந்த வளையமே போதும், மாத்திரையை நாள் தவறாமல் விழுங்கினால் நன்றாகிவிடும், சரியான நேரத்தில் வந்தீர்கள் என்றார். பத்துப் பதினைந்து நாள் முன்னால் துண்டால் துவட்டும்போது எதுவோ தட்டுப்பட்டுப் பிய்ந்துகொண்டு வந்தது, காய்ந்த பொருக்கு என்று நினைத்தேன் என்றாள் சிட்டு. தினமும் கொட்டகையில் பார்த்துக்கொள்கிற பழக்கத்தைக் கேட்டு டாக்டரம்மா மெச்சினார். யார் உனக்குப் பார்ப்பது என்று கேட்டார்.

"எங்க அண்ணி," என்றாள் சிட்டு. குரலில் குத்தல் துளியும் இல்லை. அண்ணிக்குத் தலை நிமிரவில்லை.

திரும்பி வந்து, மாத்திரை கொடுத்து, போர்வையை இழுத்து மூடிவிட்டு, அண்ணி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். நாற்பது பிள்ளைகளை ஒரே அதட்டலில் வரிசையில் நிறுத்துகிறவள், மூடிய போர்வையையே திரும்பத் திரும்ப இழுத்துச் சரிசெய்தாள். சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை, உண்ணி எங்கே வேண்டுமானாலும் ஏறியிருக்கலாம். ஆனால் இதைச் சொல்லாமல் இனி எந்த முகத்தோடு இவள் முதுகைப் பார்ப்பது?

"நான் பாத்தேன் சிட்டு," என்றாள். "அந்த நாலாம் நாளு. கறுப்பா தெரிஞ்சுது. மச்சம்னு விட்டுட்டேன். உன் மச்சம் எந்தப் பக்கம்னு எனக்கா தெரியாது? கோவத்துல கிட்ட வந்து பாக்கல. என்னாலதான் நீ இப்படிக் கெடக்கற."

சொல்லிவிட்டு அழுதாள். மாமியார் போனபோதுகூட அப்படி வாய்விட்டு அழுததில்லை. சிட்டு தலையணையில் முகத்தை இந்தப் பக்கம் திருப்பி அவளையே பார்த்தாள்.

"நீங்க பாக்கலன்னு அன்னிக்கே தெரியும் அண்ணி."

அண்ணி அழுகையை நிறுத்தினாள்.

"உங்க வெரல் படவே இல்லையே. சண்டை போட்டதுலேருந்து ஒருநாள்கூடப் படல. தொட்டுப் பாருங்கன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எனக்கும் திமிரு, கேக்கல." போர்வையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். "அது இருக்கட்டும். நேத்து வேலைக்குப் போனீங்க, இன்னிக்கும் போனீங்க. உங்களுக்கு யாரு பாத்தாங்க?"

யாரும் பார்க்கவில்லை. நேற்று மற்ற பெண்கள் கேட்டபோது, ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு முதல் ஆளாகக் கொட்டகையை விட்டுக் கிளம்பியிருந்தாள், இன்றைக்கு நாலு மணிவரை அங்கே இருக்கவே இல்லை.

"திரும்புங்க," என்றாள் சிட்டு.

காய்ச்சல்காரி எழுந்திருக்காதே, பேசாமல் படு என்று அண்ணி அதட்டினாள். அதட்டல் எடுபடவில்லை. சிட்டு அதற்குள் கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்து, ஒரு கையால் திரைச்சீலையை வெளிச்சத்துக்கு விலக்கிவிட்டாள். வேறு வழியில்லாமல் அண்ணி திரும்பி நின்று சட்டையைத் தூக்கினாள். காய்ச்சலில் சுடுகிற விரல் ஒன்று பிடரியில் பட்டது.

"மாத்தல் வந்தா போயிடு," என்றாள் அண்ணி, சுவரைப் பார்த்தபடியே. "நான் குறுக்க நிக்க மாட்டேன்."

"போகத்தான் போறேன்," என்றாள் சிட்டு. "இப்ப அசையாம நில்லுங்க."