புது லொறியும் ஒரு வாளித் தண்ணீரும்

சென்ற மாரி வெள்ளாமை வெட்டு முடிந்த கையோடு, உன்னிச்சையிலிருந்து மட்டக்களப்பு நகருக்கு நெல் ஏற்றி வந்த ஒரு காலையில் இது நடந்தது. வலையிறவுப் பாலத்துக்குச் சற்று முன்னால், வாவியோரமாக.

உன்னிச்சைக் குளத்துக்குக் கீழே உள்ள வட்டையில் எங்கள் குடும்பத்துக்கும் ஒரு துண்டு வயல் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்ளும் என் தம்பி அந்தக் கிழமை காய்ச்சலில் படுத்துவிட்டான். கட்டிய நெல் மூட்டைகள் வயலோரம் கிடந்தன. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. நனைந்த நெல்லை மில்லில் எடுக்க மாட்டார்கள். அதனால் மூட்டைகளோடு நானே புறப்பட வேண்டியதாயிற்று.

தம்பி பேசி விட்டிருந்த லொறி புத்தம் புதியது. வாகன இறக்குமதி நின்றிருந்த வருடங்கள் முடிந்து, புது வாகனங்கள் மறுபடி வரத் தொடங்கியிருந்த நேரம். எங்கள் பக்கத்தில் ஒரு புது லொறி நின்றால் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். முன்கண்ணாடிக்கு மேலே சந்தனப் பொட்டு, கீழே கட்டித் தொங்கவிட்ட எலுமிச்சம்பழம், இருக்கைகளில் இன்னும் கழற்றாத பொலித்தீன். ஓட்டுபவர்தான் உரிமையாளர். வயது ஐம்பதை ஒட்டியிருக்கும். இளம் வயதிலிருந்து மற்றவர்களின் லொறிகளைக் கொழும்புக்கும் தம்புள்ளைக்கும் ஓடியவர். தனக்கென்று வாங்கிய முதல் லொறி இதுதான்.

அவருடைய மனைவியும் முன் இருக்கையில் இருந்தார். நான் ஏறியதும் நடுவில் நகர்ந்து இடம் தந்தார். அவரின் காலடியில் முக்கோணமாகச் செதுக்கிய ஒரு மரக்கட்டை கிடந்தது, டயருக்குப் பின்னால் வைக்கிற கட்டை. அதற்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளி, சலவைத்தூள், தேய்க்கிற பிரஷ், ஒரு போத்தல் மண்ணெண்ணெய். பின்கண்ணாடிப் பக்கம் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை ஒன்று கொழுவியிருந்தது.

"என்ன புள்ள, புது லொறிக்கும் கட்டையா?" என்று கேட்டேன்.

"புதுசுக்குத்தான் அக்கா கட்டை வேணும். பழசெண்டா சொல்லுக் கேக்கும்" என்றார் மனைவி. "கட்டை வைக்கிறதுதான் எனக்கு உத்தியோகம். சம்பளம்தான் இல்ல."

"இஞ்ச, ஏறினவுடனே தொடங்கிட்டியா?" என்றார் கணவர்.

ஆயித்தியமலையைத் தாண்டுவதற்குள் முழுக் கதையும் வந்துவிட்டது. பாரம் ஏற்றிக் கொஞ்ச தூரம் ஓடி, கியர் பெட்டி சூடானதும் ஒரு கீச்சுச் சத்தம் தொடங்கும். பிறகு, போட்ட கியர் தானாகவே கழன்றுவிடும். வாங்கி இரண்டு மாதம் ஆவதற்குள் தொடங்கிய வருத்தம். கம்பனியின் திருத்துமிடம் வேறொரு ஊரில். அங்கே பல தடவை கொண்டுபோயிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் அவர்கள் ஓடிப் பார்ப்பார்கள், கீழே படுத்தும் பார்ப்பார்கள், பிழை ஒன்றும் இல்லை என்று திருப்பி அனுப்புவார்கள். கடைசி முறை பரிசோதித்த இளம் பொறியியலாளர், "பழைய லொறி ஓடிப் பழகின கை. கையைக் கொஞ்சம் மாத்துங்க" என்று சொல்லியிருக்கிறார்.

அந்த ஒரு வசனம் ஊருக்குள் வந்துவிட்டது. புது வண்டி அவருக்குப் பிடிபடவில்லையாம் என்று தேநீர்க் கடையில் கதை. வெட்டு நேரத்தில் வழமையாக அவரைக் கூப்பிடுகிறவர்கள் வேறு லொறிகளைக் கூப்பிட்டார்கள். வேறு லொறி கிடைக்காதபடியால்தான் என் தம்பியும் இவரைப் பிடித்தான் என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருந்தது.

"மீசை முளைக்காத காலத்தில இருந்து ஓடுறன் அக்கா. ஒருத்தரும் ஒரு குறை சொன்னதில்ல. இப்ப எனக்குக் கை சரியில்லையாம்" என்றார். சொல்லும்போது வீதியைத்தான் பார்த்தார்.

அன்றைக்கு அதே பொறியியலாளர் கம்பனியின் நடமாடும் சேவைக்காக மட்டக்களப்பு நகருக்கு வந்திருந்தார். மத்தியானத்தோடு திரும்பிவிடுவார். மில்லில் நெல்லை இறக்கிவிட்டு, லொறியை வாவியோரம் கழுவி, வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு போய் அவரைச் சந்திப்பது என்பது திட்டம். இதுவும் சரிவராவிட்டால் லொறியை வந்த விலைக்கு விற்றுவிட்டு, மறுபடியும் கூலிக்கு ஓடப் போவதாகக் கணவர் சொன்னார். மனைவி காலடியில் கிடந்த கட்டையை நேராக்கி வைத்தார்.

பாலத்தை நெருங்கும் இடத்தில் வீதி சற்றே உயர்கிறது. கீச்சுச் சத்தம் எனக்கும் கேட்டது. 'டக்' என்று ஒரு அடி. கியர்த் தடி அவருடைய கைக்குள்ளேயே பின்னுக்குத் துள்ளியது. இயந்திரம் வீணாக இரைந்தது. லொறி முன்னே போகாமல் நின்று, பின்னால் உருளத் தொடங்கியது. பின்னே வந்த முச்சக்கர வண்டியின் ஹோர்ன் விடாமல் அலறியது. அவர் பிரேக்கின் மேல் ஏறி நின்றார் என்றே சொல்லலாம். லொறி நின்ற அதே கணம் மனைவி என் மடியைத் தாண்டிக் கீழே குதித்துக் கட்டையை டயருக்குப் பின்னால் வைத்துவிட்டார். இறங்கிப் பார்த்தேன். முச்சக்கர வண்டிக்கும் லொறிக்கும் நடுவில் ஓர் ஆள் பக்கவாட்டாக நுழையலாம், அவ்வளவுதான்.

முச்சக்கர வண்டிக்காரர் ஏசுவதற்கு வாயைத் திறந்துகொண்டு வந்தார். பொலித்தீன் போட்ட இருக்கைகளைக் கண்டதும் திறந்த வாய் வேறு கேள்வி கேட்டது.

"இது புதுசெல்லா? இதுக்கென்ன அண்ணன் இந்தக் கெதி?"

கணவர் தொலைபேசியை எடுத்தார். பொறியியலாளரோடு பேசினார். பாலத்துக்கு இந்தப் பக்கம் நிற்கிறது, எடுத்து வர ஏலாது என்றார். பொறியியலாளர் தானே மோட்டார் சைக்கிளில் வருவதாகச் சொன்னார்.

உடனே இரண்டு காரியங்கள் தொடங்கின. முச்சக்கர வண்டிக்காரர், "என்ட மச்சானிட்ட உழவு மெசின் இழுவைப் பெட்டியோட நிக்கிது. மழைக்கு முன்ன மூட்டையளை மாத்திருவம்" என்று தொலைபேசியை எடுத்தார். கணவரோ வாளியை எடுத்துக்கொண்டு வாவிக்கு இறங்கினார். தண்ணீர் மொண்டு வந்தவர், சலவைத்தூளைக் கலக்கி, மண்ணெண்ணெய்ப் போத்தலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு லொறிக்குக் கீழே குனிந்தார்.

"என்ன செய்யிறீங்க?" என்றார் மனைவி.

"என்ன செய்யிறதா? சேறும் பதரும் எண்ணெயுமா நிக்கிது. அந்த மனிசன் இதையா பாக்கிற? கீழ படுக்கிற ஆள். ஒரு மரியாதை வேணாமா?"

"அண்ணன், வண்டிக்குக் கலியாணமா?" என்றார் முச்சக்கர வண்டிக்காரர்.

மனைவி சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் எண்ணெய் சொட்டும் லொறியின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வந்து வாளியின் பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"இஞ்சாருங்க, கழுவாதீங்க."

"விடு புள்ள."

"ஒவ்வொரு முறையும் குளிப்பாட்டி, பொட்டு வைச்சி, மாப்பிள்ளை மாதிரித்தானே கொண்டு போன? அவங்களும் நல்லாத்தானே இருக்கு எண்டு அனுப்பின. எனக்கு இழுப்பு வந்தது மறந்து போச்சா? ராவெல்லாம் இழுத்துப் போட்டு, விடியக் குளிச்சி, நல்ல சீலை உடுத்துக் கிளினிக்குக்குப் போவன். டொக்டர் நெஞ்சில வைச்சிப் பாத்திட்டு, ஒண்டும் இல்லையே எண்டுவார். ஒரு நாள் இழுக்க இழுக்க, உடுத்த உடுப்போட நீங்க தூக்கிட்டுப் போனீங்க. அண்டைக்குத்தானே மருந்து மாத்தினவர்?"

கணவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். ஆனால் வாளியை விடவில்லை. இருவருக்கும் நடுவில் வாளி ஆடித் தண்ணீர் சிந்தியது.

"இண்டைக்கு இதை இப்பிடியே பாக்கட்டும்" என்றார் மனைவி. பிறகு என் பக்கம் திரும்பினார். அதுவரை இல்லாத தயக்கம் குரலில் வந்தது. "அக்கா, வேற ஒண்டும் கேக்கோணும். மூட்டையளை இப்ப இறக்கினா... மறுகா இது வெறும் லொறிதான். வெறும் லொறி ஒரு சேட்டையும் செய்யாது."

அப்போதுதான் எனக்கும் விளங்கியது. கம்பனிக்கு எப்போதும் கழுவித்தான் கொண்டுபோனார்கள். கழுவுவதற்காகப் பாரத்தையும் இறக்கித்தான் கொண்டுபோனார்கள். சத்தமும் கசிவும் கியர் கழல்வதும் பாரத்தோடு வருகிறவை. திருத்துமிடத்தின் வாசலுக்கு அவை ஒருநாளும் போய்ச் சேர்ந்ததில்லை.

வாவிக்கு அப்பால் மழை இறங்குவது தெரிந்தது. மூட்டைகளையும் பார்த்தேன். இறக்க வேண்டாம், மேலே மூடுகிற படங்கை இழுத்துக் கட்டுங்கள் என்றேன். தம்பிக்கு என்ன சொல்வது என்பதைப் பிறகு யோசிக்கலாம் என்று பட்டது.

கணவர் வாளியைக் கீழே வைத்தார். சற்று நின்று, அதைத் தூக்கிச் சவர்க்காரத் தண்ணீரை வீதியோரப் புல்லில் ஊற்றினார். வாவியில் போய் முகம் கழுவி வந்து, "சட்டையையெண்டாலும் மாத்தட்டா?" என்று கேட்டார்.

"சட்டையை மாத்துங்க. லொறியை விடுங்க" என்றார் மனைவி.

பொறியியலாளர் வந்தபோது தூறல் தொடங்கியிருந்தது. முப்பது வயதைத் தாண்டாத, களைத்த முகமுள்ள மனிதர். கணவர் வெள்ளைச் சட்டையோடு முன்னால் போய், "கழுவாம நிக்கிது சேர், குறை நினைக்காதீங்க" என்றுதான் தொடங்கினார். மனைவி ஒரு வெறுஞ்சாக்கை விரித்துக் கொடுத்தார். பொறியியலாளர் அதன்மேல் படுத்து உள்ளே நகர்ந்தார். நானும் குனிந்து பார்த்தேன். கியர் பெட்டியின் பின்பக்கம் எண்ணெய் ஊறி, அதில் பதரும் கிரவல் தூசியும் ஒட்டி, தாடி வளர்ந்ததுபோல் இருந்தது. அதன் நுனியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

வெகு நேரம் அவர் வெளியே வரவில்லை. வந்தபோது விரலில் இருந்த எண்ணெயையே பார்த்தார்.

"எவ்வளவு நாளா இப்படி வடியுது?"

"தொடக்கத்தில இருந்து சேர்."

"நான் படுத்துப் பார்த்தேனே. ஒரு சொட்டு இல்லையே?"

"கழுவி, மண்ணெண்ணெய் போட்டுத் துடைச்சித்தானே சேர் கொண்டு வாற."

"ஏன்?"

கணவர் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை என்று தெரிந்தது. மனைவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மரியாதைக்கு" என்றார்.

பொறியியலாளர் எண்ணெய் விரலைச் சாக்கில் துடைத்தார். "நான் எதைத் தேடினேனோ அதையெல்லாம் கழுவிட்டுக் கொண்டுவந்து காட்டியிருக்கீங்க அண்ணன்" என்றார். குரலில் கோபம் இருக்கவில்லை. பிறகு சாவியைக் கேட்டு, தானே ஏறி ஓட்டும் இருக்கையில் அமர்ந்தார். மனைவி கட்டையை இழுத்தெடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். கியர் பெட்டி கொஞ்சம் ஆறியிருந்ததால் கியர் விழுந்தது. நெல் மூட்டைகளோடு லொறி முனகிக்கொண்டு ஏற்றத்தில் ஏறியது. அதே கீச்சுச் சத்தம். அதே 'டக்'. கட்டை மறுபடி டயருக்குப் பின்னால் போயிற்று.

பொறியியலாளர் உடனே இறங்கவில்லை. கியர்த் தடியின் மேல் இருந்த தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடியை இறக்கி, "கை இல்ல அண்ணன். பெட்டிதான்" என்றார். "நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"அதுக்கென்ன சேர்" என்றார் கணவர். லொறியின் பின்பக்கம் போய்ப் படங்கின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார்.

உழவு மெசின் வந்ததும் மூட்டைகளை மாற்றினோம். முச்சக்கர வண்டிக்காரரும், வலையை வைத்துவிட்டு வந்த இரண்டு மீனவர்களும், பொறியியலாளரும்கூடக் கை கொடுத்தார்கள். கணவர் வெள்ளைச் சட்டையைக் கழற்ற மறந்து மூட்டை தூக்கினார். முடிவதற்குள் அதன் தோளில் நெல் தூசி மழையில் ஊறிக் கறையாகிவிட்டது. மனைவி அதைப் பார்த்தார். அடுத்த மூட்டையைத் தள்ளிக் கொடுத்தார். மேல் வரிசையில் சில மூட்டைகள் நனைந்துதான் போயின. வெயில் வந்த பிறகு அவற்றை வீட்டு முற்றத்தில் விரித்துக் காயவைத்தோம். தம்பி இரண்டு நாள் முறைத்தான்.

கியர் பெட்டியை முழுதாக மாற்றித் தந்தார்கள். ஆனால் அதற்கு நாளெடுத்தது. அதுவரை லொறி வளவுக்குள் நின்றது. அந்த வெட்டுக்கால உழைப்பு அவர்களுக்குப் போனது போனதுதான். கெட்ட பெயர் மட்டும் வேகமாக விலகிப் போயிற்று. அந்த வேலையை முச்சக்கர வண்டிக்காரர் பார்த்துக்கொண்டார். "கம்பனிக்காரன்ட கையிலேயே கழண்டது, நான் என்ட கண்ணால கண்ட" என்று போகுமிடமெல்லாம் சொன்னாராம்.

பிறகொரு நாள் வலையிறவில் அந்த லொறியைக் கண்டேன். சக்கரம் வரை சேறு. நிறைந்த பாரத்தோடு ஏற்றத்தில் சத்தமில்லாமல் ஏறிப் போயிற்று. மனைவி பக்கத்தில் இருக்கவில்லை. கட்டை வைக்கும் உத்தியோகம் முடிந்திருக்க வேண்டும்.

எனக்கும் முழங்கால் வருத்தம் ஒன்று இருக்கிறது. கிளினிக்குக்குப் புறப்படும்போது இப்போதும் நல்ல சீலையைத்தான் எடுக்கிறேன், ஆனால், "எப்பிடி இருக்கு?" என்று டொக்டர் கேட்டால், புல்லில் ஊற்றிய அந்த வாளித் தண்ணீர் ஞாபகத்துக்கு வர, "பரவாயில்லை" என்று சொல்லாமல் எங்கே எப்படி நோகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.