அடியில் சோப்பு

நாடகக் குழுவில் அவளை எல்லோரும் அழுக்கக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஊரே நகையைப் பளபளப்பாக்கப் படாதபாடு படும்போது, இவள் பளபளப்பதை மங்க வைத்துச் சம்பளம் வாங்குகிறாளாம். அந்தக் கேலியில் அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான்.

வாடகைக்கு வரும் பதக்கம், பொத்தான், பெல்ட் கொக்கி எல்லாம் புதுக்கருக்கு அழியாமல் மின்னும். மேடையில் அவை பழசாகத் தெரிய வேண்டும், முடிந்ததும் மின்னியபடியே கடைக்குத் திரும்பவும் வேண்டும். அவள் முதலில் சோப்புக் கரைசலை மெல்லிசாகப் பூசிக் காயவிடுவாள். அதன்மேல் கறுப்பும் பழுப்பும் கலந்த பெயிண்டை ஸ்பாஞ்சால் ஒற்றுவாள். பிறகு வெந்நீரில் போட்டால் எல்லாம் கழன்று வந்துவிடும். அடியில் சோப்பு இல்லையென்றால் கறுப்பு பிடித்துக்கொள்ளும். அவள் ஒருநாளும் மறந்ததில்லை.

சிப்பாய்கள் வரும் நாடகத்துக்கு ஒரு கொக்கி குறைந்தது. கூடப்பிறந்த அக்காவிடம் கேட்டாள். பஸ் கண்டக்டராக இருந்து இருவரையும் வளர்த்த அம்மாவின் பெல்ட் கொக்கி அக்காவிடம்தான் இருந்தது. அம்மா போனபின் மிஞ்சிய ஒரே பொருள்.

"தேய்ச்சுகீய்ச்சு வெச்சிடாதடி. அம்மா கை பட்டுப் பட்டு வந்த கறுப்பு அது" என்று சொல்லித்தான் அக்கா கொடுத்தாள்.

நாடகம் முடிந்ததும் நடிகர்கள் எல்லாக் கொக்கிகளையும் ஒரே டப்பாவில் கொட்டிவிட்டார்கள். கடை வண்டி வாசலில் ஹாரன் அடித்தது. வெந்நீரில் எல்லாம் வெளுத்தன, ஒன்றைத் தவிர. யானைக்கும் அடி சறுக்கும், இதற்குச் சோப்பு பூச மறந்திருக்கிறேன் என்று தன்னையே திட்டிக்கொண்டு பாலிஷ் பவுடர் போட்டு அழுத்தித் தேய்த்தாள். அந்த அவசரத்தில், பழசு போலச் செய்தே பழகிய கண்ணுக்கு நிஜப் பழசு தன் கைத்தப்பாகத் தெரிந்தது. பளிச்சென்று ஆனபின் திருப்பினாள். பின்னால் ஆணியால் கீறிய அம்மாவின் பேட்ஜ் நம்பர்.

மற்றதை வண்டியில் ஏற்றி அனுப்பினாள். தெரிந்த வேலையைச் செய்தாள்: சோப்பு, பெயிண்ட், ஸ்பாஞ்ச். அச்சு அசலாக வந்தது. தன் கைத்திறமையே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

மறுநாள் அக்கா வந்து கொக்கியைக் கையில் வாங்கினாள். "அப்படியே இருக்குடி. கொடுத்ததுலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல."

அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை. நடந்ததைச் சொல்லி, ஈரத்துணியால் ஒரு ஓரத்தைத் துடைத்துக் காட்டினாள். புதுப்பித்தளை மின்னியது.

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் அழுதாள்.

"சொல்லாமலே இருந்திருக்கலாம்ல?"

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு கொக்கியை மேஜைமேல் வைத்தாள்.

"திரும்பப் பூசிக் கொடு. இந்தத் தடவ அடியில சோப்பு வேணாம்."

அவள் சோப்புப் பாட்டிலைத் தள்ளி வைத்துவிட்டு பெயிண்ட் டப்பாவைத் திறந்தாள்.