அடுத்த திரை

மணிமாறனிடம் யார் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "பக்கத்துல இருக்குது, படி." அஸ்தம்பட்டியில் ஒரு கிளினிக்குக்கு மேல்மாடியில் இருக்கும் அந்த அலுவலகம், நாமக்கல் பக்கத்துக் கோழித்தீவன ஆலைகளின் கோப்புகளைத் தன் கம்ப்யூட்டர்களில் வைத்துப் பாதுகாத்துத் தருகிறது. வேலை எல்லாம் கறுப்புத் திரையில், கட்டளை தட்டித்தான். ஒவ்வொரு கட்டளைக்கும் மணிமாறனே விளக்கப் பக்கம் எழுதி வைத்திருந்தான். 'மேன்' என்று தட்டி, அதையடுத்து கட்டளையின் பெயரைத் தட்டினால் அந்த விளக்கம் திரையில் வந்து நிற்கும். தமிழில் எழுதி வைத்தும் படிக்க வலிக்கிறதா என்பது அவனுடைய தீராத எரிச்சல்.

அந்த எரிச்சலுக்கு ஒரு கதை உண்டு. பெங்களூரில் முதல் வேலைக்குப் போனபோது அவனுக்கு யாரும் எதையும் சொல்லித் தரவில்லை, கேட்டால் சிரித்தார்கள். வீம்புக்கென்றே எல்லாப் பக்கங்களையும் தானாகப் படித்துத் தேறினான். பட்ட அவமானத்தைத் தன்னோடு விட்டிருக்கலாம். மகராசன் அதையே சட்டமாக்கி அடுத்தவர் தலையில் கட்டினான். வெளியேற எதை அமுக்க வேண்டும், உதவிக்கு எதை அமுக்க வேண்டும் என்று திரையின் அடியில் வழக்கமாக வருமே ஒரு வரி, அதைக்கூடப் பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று எடுத்துவிட்டான். இப்போது அங்கே வெறும் இரண்டு புள்ளிதான் நிற்கும்.

கோகுல்ராஜ் நாமகிரிப்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வருகிறவன். மஞ்சள் மண்டி வேலையை விட்டுவிட்டு இங்கே சேர்ந்திருந்தான், இன்னும் நிரந்தரமாகவில்லை. இது கைவிட்டுப் போனால் மறுபடி மண்டிதான்.

ஓர் ஆலையின் கோப்புகளை வேறொரு டிஸ்குக்கு நகலெடுக்கும் வேலை அவனிடம் வந்தது. எப்படி என்று மணிமாறனைக் கேட்டான். படி என்று பதில் வந்தது. பக்கத்தைத் திறந்து ஒரு வரி விடாமல் படித்தான். மவுஸை உருட்டிப் பார்த்தான், எதுவும் நகரவில்லை.

"ஏனுங்கண்ணா, இவ்வளவுதானுங்களா?"

மணிமாறன் தலையைத் திருப்பவே இல்லை. "எழுதுனது நானு. படிக்கறது உன்ற வேலை."

அவ்வளவுதான் போலிருக்கிறது என்று கோகுல்ராஜ் கட்டளையைத் தட்டினான். அந்த டிஸ்கில் ஏற்கெனவே இருந்த இன்னோர் ஆலையின் கோப்புகளைத் துடைத்துவிட்டுத்தான் அது நகலெடுத்தது.

மறுநாள் கோப்புகளைப் பறிகொடுத்த ஆலைக்காரர் போனில் கிழித்த கிழியில் முதலாளி தண்டாயுதபாணி இருவரையும் அறைக்குள் கூப்பிட்டார். இவன் படிக்கவே இல்லை என்றான் மணிமாறன். படித்தேன் என்றான் கோகுல்ராஜ். படித்ததைக் காட்டு என்றார் முதலாளி. கோகுல்ராஜ் பக்கத்தைத் திறந்தான். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையின் கடைசி வரி வரைக்கும் படித்தார்.

"அழிஞ்சு போகும்னு இதுல ஒரு வார்த்தை இல்லியேப்பா. பக்கத்துலதான் கோளாறாட்ட இருக்குது."

கோகுல்ராஜுக்கு உயிர் வந்தது. பக்கத்தில்தான் கோளாறு என்றால் யார் வேலையும் போகாது. அது மணிமாறனுக்கும் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும். ஆனால் தன் பக்கத்தைக் குறை சொன்னதை அவனால் தாங்க முடியவில்லை. ஆத்திரம் தலைக்கேறி, எட்டி ஸ்பேஸ் பட்டனை அமுக்கினான். அடுத்த திரை வந்தது. அதன் முதல் வரியே, எச்சரிக்கை, சேருமிடத்தில் உள்ளவை எல்லாம் அழிந்துவிடும் என்றிருந்தது.

"பாத்துக்கோங்க, எல்லாம் இருக்குது. இவன் படிக்கலீங்க." க்யூ எழுத்தை அமுக்கிப் பக்கத்தை மூடினான்.

அமுக்கினால் இன்னும் வரும் என்று தனக்குத் தெரியாது, கேட்டும் அண்ணன் சொல்லவில்லை என்றான் கோகுல்ராஜ். தண்டாயுதபாணி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். மணிமாறன் போனால் அலுவலகமே படுத்துவிடும். கோகுல்ராஜ் போனால் ஒரு நாற்காலிதான் காலியாகும். அவர் வியாபாரி, நாற்காலியையே காலி செய்தார்.

கோகுல்ராஜ் சண்டை போடவில்லை. சாப்பாட்டு டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டு மணிமாறன் முன்னால் வந்து நின்றான்.

"ஒரு பட்டனுங்கண்ணா," என்றான்.

படித்திருக்க வேண்டும் என்றான் மணிமாறன். ஜெயித்தவன் வேறென்ன சொல்வான்.

கோகுல்ராஜின் வேலை பக்கத்து மேஜை இலக்கியாவிடம் வந்தது. அவளும் அதே பக்கத்தைத் திறந்தாள், அதே இடத்தில் மாட்டிக்கொண்டாள். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் மணிமாறன் தன் பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. போனை எடுத்து மேஜைமேல் வைத்து ஸ்பீக்கரைப் போட்டாள். மண்டி இரைச்சலுக்கு நடுவே கோகுல்ராஜின் குரல் கேட்டது.

"ஸ்பேஸை அமுக்குங்க, இன்னும் வரும். கடைசி வரைக்கும் பாத்துப்போட்டு க்யூவை அமுக்குனா வெளிய வந்தரலாம். அன்னைக்கு அவரு அமுக்குனப்பத்தான் நானும் பாத்துக்கிட்டேன். வேற எது வேணும்னாலும் என்னையக் கூப்புடுங்க, அவரைக் கேக்காதீங்க."

இலக்கியா ஸ்பேஸை அமுக்கி அமுக்கிக் கடைசி வரி வரை படித்தாள். மணிமாறன் எழுதிய பக்கத்தை அந்த அலுவலகத்தில் ஒருத்தர் முழுதாகப் படித்தது அதுதான் முதல் தடவை. படித்து முடித்து, க்யூவை அமுக்கிவிட்டு, அவனிடம் ஒரு வார்த்தை பேசாமல் வேலையைப் பார்த்தாள்.