செருப்புக்குப் பக்கத்து வரிசை

சைகோனில் டோங் டு தெருப் பள்ளிவாசலில், இமாமுக்கு நேர் பின்னால், சற்றே வலப்பக்கம் எனக்கென்று ஓர் இடம் இருந்தது. யாரும் எழுதிக் கொடுத்ததில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு நான் வரும்வரை அந்த இடம் காலியாகவே கிடக்கும். வந்து நின்றதும் இருபக்கமும் நிற்பவர்கள் ஒரு முழம் தள்ளிக்கொள்வார்கள். என் சட்டை கசங்கக் கூடாதாம். ஜவுளிக்கடைக்காரன் சட்டை அல்லவா? கக்கத்தில் தொழுகைக்கு விரிக்கச் சுருட்டிய வெல்வெட் முஸல்லா, காதில் அத்தர் தோய்த்த பஞ்சு, முன்னால் தொந்தி. காரைக்காலிலிருந்து கப்பலேறியபோது அந்தத் தொந்தி என்னிடம் இல்லை. வியட்நாம் வந்து நான் சம்பாதித்தவற்றில் கடைசிவரை என்னை விட்டுப் போகாதது அது ஒன்றுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை தெருமுனையில் முள்கம்பி போட்டுவிட்டார்கள். அந்தக் காலத்தில் அது புதிதல்ல. எங்கோ ஊர்வலம், எங்கோ வெடிச்சத்தம், உடனே ஜீப்பில் சிப்பாய்கள் வந்து தெருவை மூடிவிடுவார்கள். ஊரைச் சுற்றிக்கொண்டு, வேர்த்து வழிந்து நான் பள்ளிவாசல் படியேறும்போது தொழுகை தொடங்கிவிட்டது. தொடங்கிய பிறகு முன்வரிசைக்கு யாரும் வழிவிட மாட்டார்கள். கடைசி வரிசையில், செருப்புகள் கழற்றிப் போட்டிருந்த இடத்துக்குப் பக்கத்தில், ஓர் ஆள் நிற்கும் அளவு இடம் இருந்தது. அந்த ஆள் என்னைவிட ஒல்லியாக இருந்திருக்க வேண்டும். எப்படியோ நுழைந்து நின்றேன். வந்த ஓட்டத்தில் முஸல்லாவை எங்கே விட்டேன் என்றே தெரியவில்லை.

முதல் ரக்அத்தில் பக்கத்து ஆளின் தோள் என் தோளில் ஒட்டியது. மீன் சாற்று வாடை. நான் நாசூக்காக ஒரு விரற்கடை தள்ளி நின்றேன். அவரும் தள்ளி வந்து ஒட்டினார். நெற்றியைத் தரையில் வைத்தபோது வெறும் தரை, அதில் மணல். முன்னால் ஒருவருடைய வெடித்த குதிகால். அந்த நேரத்தில்தான் அது நடந்தது. என்ன நடந்தது என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உள்ளச்சம் என்று எங்கள் இமாம் ஹஜ்ரத் பயான் பேசும்போது சொல்வார், நானும் தலையாட்டியிருக்கிறேன். அன்றைக்குத் தலை ஆடவில்லை. கடை நினைவில்லை, காரைக்கால் நினைவில்லை, என் பெயர்கூட நினைவில்லை. கண்ணிலிருந்து நீர் வழிந்து மணலில் விழுந்தது. அழும் அளவுக்கு நான் நல்லவன் இல்லை என்பதால் தூசி விழுந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன்.

அடுத்த வாரம் முள்கம்பி இல்லை. ஆனாலும் வேண்டுமென்றே தாமதமாகப் போனேன். அதே ஆள் இருந்தார். ஆற்றங்கரைத் துறையில் மூட்டை தூக்குகிறவர். சாம் இனத்து முஸ்லிம், சௌடாக் பக்கத்துக்காரர் என்று பிறகு தெரிந்தது. நான் தயங்கி இடைவெளி விட்டு நின்றதும் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார்.

"ஸிக் லாய், ஸிக் லாய்!"

நெருங்கி நில்லு என்று அர்த்தம். பஸ்ஸில் நடத்துநர் சொல்கிற அதே குரல். என்னைப் பார்த்து அப்படி ஒருவர் சொல்லிப் பல வருடம் ஆகியிருந்தது. நெருங்கினேன். நெற்றியைத் தரையில் வைக்கும் ஸஜ்தாவில் அந்த அமைதி மறுபடி வந்தது. இப்படிச் சில வாரங்கள் போயின. எங்களுக்குள் ஸலாமும் அந்த ஒரு சொல்லும் தவிர வேறு பேச்சு கிடையாது. அவர் தொழுகையில் கொட்டாவி விடுவார், முழங்கையால் இடிப்பார். ஒரு தரம் என் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்ப் பாதித் தெருவிலிருந்து திரும்பி வந்தார்.

இதை நான் வாய்க்குள்ளேயே வைத்திருந்தால் போதும். ஆனால் எனக்குப் படைக்கப்பட்ட வாய் அப்படிப்பட்டதல்ல. ஒரு மாலை மச்சானின் சாப்பாட்டுக் கடையில் நாலு பேர் காபி குடித்துக்கொண்டிருந்தபோது அவிழ்த்துவிட்டேன். மச்சான் என் மாமா மகன், கூடவே கப்பலேறியவன்.

"என்னா மச்சான், இப்பல்லாம் ஒன்னய முன்னாடி காணோமே? ஹஜ்ரத்தோட சண்டையா?"

"முன்னாடி நிண்டு என்னத்தக் கண்டோம்? பணிவு வேணும் மச்சான். செருப்புக்குப் பக்கத்துல நிண்டு பாரு, அப்பத் தெரியும்."

"நீயா? பணிவா? பெருநாளைக்கி ஹஜ்ரத் சட்டையவிட ஒன் சட்டைதான வெளுப்பா இருந்திச்சு!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் கடைசி வரிசையில் எனக்கு நடந்ததைச் சொல்லி முடித்தபோது ஒருவர் உச்சுக்கொட்டினார், இன்னொருவர், "முசியே மாதிரி மனசு யாருக்கு வரும்" என்றார். பிரெஞ்சுக்காரப் பாணியில் என்னை முசியே என்றுதான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள். அது எனக்கு வெல்லக்கட்டியாக இனித்தது. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதைச் சப்பிக்கொண்டே போனேன்.

அடுத்த வெள்ளி பார்த்தால் மச்சான் கடைசி வரிசையில் நிற்கிறான். அதற்கடுத்த வெள்ளி பட்டுக்கடைக்காரர், நோட்டு மாற்றுகிறவர், மில் ஏஜெண்டு என எல்லாரும் வந்துவிட்டார்கள். அத்தர் வாடையில் மீன் வாடை அமுங்கிப் போயிற்று. யார் செருப்புக்கு மிக அருகில் நிற்பது என்பதில் ஒரு தள்ளுமுள்ளு. "நீங்க முன்னாடி போங்க", "இல்ல, நீங்க போங்க" என்று உபசாரம் வேறு. அந்த வரிசையிலேயே எனக்கென்று ஓர் இடம் ஒதுக்கியாகிவிட்டது, இருபக்கமும் ஒரு முழம் விட்டு.

தொழுகையைத் தொடங்கும் தக்பீர் சொல்லத் திரும்பிய ஹஜ்ரத், முன்வரிசை காலியாகக் கிடப்பதைப் பார்த்துவிட்டு மறுபடி எங்கள் பக்கம் திரும்பினார்.

"என்னா இது? நா என்ன பேயா, பூதமா? எல்லாம் செவத்துல ஒட்டிக்கிட்டு நிக்கிறீங்க?"

யாரும் அசையவில்லை.

"முன் ஸஃப்ப நெரப்பிட்டுத்தான் பின் ஸஃப்பு. வாங்கன்னா வரணும். எடத்த நாமளே பாத்துப் பாத்து எடுத்துக்கிறது பணிவில்ல."

சாம்காரருக்குத் தமிழ் ஒரு சொல்கூடத் தெரியாது. கை அசைத்துக் கூப்பிட்டது மட்டும் புரிந்தது. சட்டென்று நடந்து போய் இமாமுக்கு நேர் பின்னால், சற்றே வலப்பக்கம் நின்றார். நான் உடனே போயிருக்கலாம். யாராவது வற்புறுத்தட்டும் என்று காத்திருந்தேன். வற்புறுத்தினார்கள். "போங்க முசியே, நீங்க போனாத்தான் நாங்களும்" என்றார்கள். போனேன்.

கூடவே வந்த மச்சான் அவரிடம் வியட்நாமியில் ஏதோ சொன்னான். இது முசியேயின் இடம் என்பதைத்தான் சொல்லியிருப்பான். அவர் என் சட்டையைப் பார்த்தார், அத்தர் பஞ்சைப் பார்த்தார். முதல் தடவையாக என்னை முழுசாகப் பார்க்கிறார் என்று தோன்றியது. தலை குனிந்து வணங்கி, ஒரு முழம் தள்ளி நின்றார்.

அந்த ஒரு முழம்தான் எனக்கு இன்றும் ஆறவில்லை. நானே சட்டைக் கையைப் பிடித்து இழுத்திருக்கலாம். ஸிக் லாய் என்று சொல்ல எனக்குத் தெரியும். அந்த பாஷையில் பட்டுக்கு விலை பேசவும், கடன்காரனை ஏசவும் தெரிந்தவன் நான். வாய் திறப்பதற்குள் ஹஜ்ரத் தொழுகையைத் தொடங்கக் கையை உயர்த்திவிட்டார். அன்றைக்கு ஸஜ்தாவில் நெற்றி தரையைத் தொட்டபோது எனக்கு எல்லாம் நினைவிருந்தது. கடை, காரைக்கால், என் பெயர், அதன் முன்னால் போடும் முசியே உட்பட.

அதற்குப் பிறகு அவரை இரண்டொரு வெள்ளி தூணுக்கு அந்தப் பக்கம் கண்டேன். நான் ஸலாம் சொன்னால் நெஞ்சில் கைவைத்துக் குனிவார், பெரிய மனிதருக்குச் செய்வது போல. பிறகு காணவில்லை. துறையில் விசாரித்தேன். போர்க்காலத்தில் ஓர் ஆள் காணாமல் போவதற்குக் காரணமா வேண்டும்? ஊருக்குப் போயிருப்பார் என்றார்கள். பட்டாளம் பிடித்துப் போயிருக்கும் என்றார்கள். அந்த அமைதியைத் திரும்பப் பெற நான் எத்தனையோ விதமாக முயன்றேன். தாமதமாகப் போனேன், முஸல்லா இல்லாமல் தொழுதேன், அத்தரைக்கூட விட்டேன். அத்தரை விட்டதை நாலு பேரிடம் சொல்லாமல் இருக்க மட்டும் முடியவில்லை.

போர் முற்றி, எங்களைப் போன்றவர்கள் கிளம்பி, ஊர் காலியாகிக்கொண்டிருந்த நாட்களில் கடைசியாக அங்கே ஜும்ஆ தொழுதேன். கடையைப் பூட்டியாகிவிட்டது. பெட்டி கட்டியாகிவிட்டது. பள்ளிவாசலில் ஒரே ஒரு வரிசைதான் நின்றது. முதல் வரிசையும் அதுதான், கடைசி வரிசையும் அதுதான். பத்துப் பதினைந்து பேர், ஆளுக்கு ஆள் எட்ட எட்ட நின்றார்கள். எனக்கு இந்தப் பக்கம் மச்சான். அந்தப் பக்கம் யாருமில்லை.

"மச்சான், கிட்ட வா" என்றேன். "நெருங்கி நில்லு."

"எதுக்கு? இவ்ளோ எடம் கெடக்குதே" என்றான் அவன், நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு.

நான்தான் நகர்ந்து போய் அவன் தோளில் ஒட்டினேன். அவன் என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டு, என் சட்டை கசங்கிவிடும் என்று மரியாதையாக ஒரு முழம் தள்ளிக்கொண்டான்.