மோட்டார் மெக்கானிக்கின் ஞாயிற்றுக்கிழமைகள்

பம்ப்செட் சர்வீஸ் வேலையில் காலை, மாலை என்று எதுவும் கிடையாது. தோட்டத்து மோட்டார் ஓடுவதற்கான த்ரீ பேஸ் கரண்டு வரும் நேரம், வராத நேரம் என்று இரண்டே பொழுதுதான். கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் பல வருஷம் சர்வீஸ் ஆளாக இருந்தேன். வேலை நேரம் ஒன்பதிலிருந்து ஆறு என்றுதான் சேரும்போது சொன்னார்கள். உங்களுக்கும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். சிரித்துக்கொள்ளுங்கள்.

சுவரேறிய நம்பர்

எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு. மெக்கானிக்கின் நம்பரை மோட்டார் ரூம் சுவரில் பெயிண்டால் எழுதிவிடுவார்கள். காகிதம் தொலையும், செல்போனில் இருந்தால் பேரன் அழித்துவிடுவான், சுவர் எங்கேயும் போகாது. சேர்ந்த புதிதில் நான் தெரியாத்தனமாக, கம்பெனி நம்பருக்குப் பதில் என் சொந்த நம்பரைச் சொல்லித் தொலைத்தேன். போன தோட்டத்துச் சுவரிலெல்லாம் நான் ஏறிவிட்டேன்.

போனை எடுத்தவுடன் மோட்டார் பேச்சு வராது. சாப்பிட்டாச்சுங்களா, ஊட்ல எல்லாரும் சௌக்கியங்களா, உங்க பக்கம் மழையுங்களா என்று எல்லாம் விசாரித்து முடித்த பிறகுதான் மோட்டார் எடுக்காத விஷயம் வரும். இவ்வளவு அக்கறையாகக் கேட்ட மனுஷனிடம் எப்படி முடியாது என்பது? ஆனைமலைக்காரர் ஒருவரிடம் மட்டும் மனதைக் கல்லாக்கிக்கொண்டு, என் நம்பரை அழித்துவிட்டுக் கம்பெனி நம்பரை எழுதச் சொன்னேன். அவர் ரொம்பப் பணிவாகச் சொன்னார்: "போன மாசந்தானுங்க சுண்ணாம்பு அடிச்சோம். அப்பக்கூட உங்க நம்பரைச் சுத்தி உட்டுப்போட்டுத்தானுங்க அடிச்சோம்."

தாய்மாமன் மடி

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தியூரில் தங்கை மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும், முடிகிறவரைக்கும் மாமன் எழுந்திருக்கக் கூடாது. ஆசாரி ஊசியை எடுக்கிறார், என் சட்டைப்பையில் போன் அடிக்கிறது. எடுத்தேன். ஏன் எடுத்தாய் என்று கேட்காதீர்கள், நீங்களும் எடுத்திருப்பீர்கள்.

கோபிப் பக்கம் ஒருவர். வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சும்போது மோட்டார் ஓடி ஓடி நிற்கிறதாம். ஒரு கையால் குழந்தையின் தலையைப் பிடித்துக்கொண்டு, ரிலேவை ரீசெட் பண்ணுங்க, பச்சை பட்டனை அமுக்குங்க என்று சொல்லிக்கொண்டிருந்தேன். குழந்தை வீறிட்டுக்கொண்டே இருந்தது. அந்தப் பக்கம் மோட்டார் ஓடிவிட்டது. இந்தப் பக்கம் இரண்டு காதும் குத்தி முடித்திருந்தார்கள். நான் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. வெட்கமாகப் போய்விட்டது. தங்கை சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. குழந்தையை வாங்கிக்கொண்டே அடங்கின குரலில் சொன்னாள்: "மடி மட்டுந்தாண்ணா வந்திருக்குது. நீங்க வரல."

தாராளமான மேனேஜர்

மறுநாளே மேனேஜர் முன்னால் போய் நின்றேன். ஞாயிற்றுக்கிழமை இனிமேல் முடியாதுங்க, வீட்டில் இருக்க வேண்டும் என்றேன். பஸ்ஸில் வரும்போதே பத்துத் தடவை சொல்லிப் பார்த்த வசனம். அவர் கோபப்படவில்லை. டீ வரவழைத்தார், குடும்பம்தான் முக்கியம் என்றார், நான் ரொம்ப இளைத்துவிட்டதாக வருத்தப்பட்டார். டீயைக் குடித்து முடித்தபோது சொன்னார்: "தாராளமா லீவு எடுத்துக்கங்க, யாரு வேண்டாம்னது? போனை மட்டும் எடுத்துருங்க."

மணி அடித்தால் வீடு

அன்றைக்கே வேறு வேலை தேட ஆரம்பித்தேன். நாற்பதுக்கு மேல் இதெல்லாம் தேவையா என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். ஒரு பாலிடெக்னிக்கில் லேப் இன்ஸ்ட்ரக்டர் வேலை காலியாக இருந்தது. இருக்கிற வேலையை எதற்கு விடுகிறீர்கள் என்று பிரின்சிபால் கேட்டார். ஞாயிற்றுக்கிழமைக்காக என்று உள்ளதைச் சொன்னேன். நியாயம்தான் என்று சேர்த்துக்கொண்டார். முதல் நாள் சாயந்திரம் மணி அடித்ததும் எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். நான் லேப்பில் நின்று, எந்த மோட்டார் நிற்கப்போகிறதோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கதவைப் பூட்ட வந்த அட்டெண்டர் அம்மா கேட்டார்: "ஏனுங்க சார், உங்களுக்கு ஊடு இல்லீங்களா?"

சத்தியமங்கலத்து போன்

சேர்ந்த சில வாரம் கழித்து ஒரு ஞாயிறு காலை. சத்தியமங்கலத்திலிருந்து பழைய வாடிக்கையாளர் ஒருவர். மாடுகளுக்குக்கூடத் தண்ணீர் இல்லை என்றார். வேலையை விட்டுவிட்டேனுங்க என்றேன். "வேலையத்தானுங்க உட்டீங்க, எங்களையுமா?" என்றார். 'இதா வாரேனுங்க' என்பது நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. சமையலறை வாசலில் என் மனைவி கரண்டியும் கையுமாக நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முழுங்கிக்கொண்டு, எனக்குப் பதிலாக வந்திருக்கும் மெக்கானிக்கின் நம்பரைக் கொடுத்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஜெயித்துவிட்டேன்.

ஆனால் போனைக் கீழே வைக்க முடியவில்லை. புது ஆளுக்கு அந்தப் பழைய மோட்டார் பிடிபடாது, எப்படியும் என்னைக் கூப்பிடுவார்கள் என்று கையிலேயே வைத்திருந்தேன். சொல்லக் கூசுகிறது, பிடிபடக் கூடாது என்றுகூட நினைத்தேன். மத்தியானத்துக்குள் போன் வந்தது. சாப்பிட்டேனா என்று விசாரித்துவிட்டு அவர் சந்தோஷமாகச் சொன்னார்: "தண்ணி வந்துருச்சுங்க. அந்தத் தம்பி வெரசாப் பண்ணிப்போட்டாரு. இனி உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டோமுங்க."

யாரும் தொந்தரவு பண்ணாத ஞாயிற்றுக்கிழமை வேண்டும் என்றுதான் அத்தனை பாடுபட்டேன், ஆனால் அது இவ்வளவு நீளமாக இருக்கும் என்று உங்களில் ஒருத்தராவது முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.